முன்னூறு வாட் விளக்கும் பிரிக்காத ஒரு பாக்கெட்டும்

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு எடுக்கும் நம்மாட்கள் முதல் ராத்திரியே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ரூமில் அண்ணாந்து பார்த்தால் சீலிங் மொட்டையாக இருக்கும். டியூப்லைட் கிடையாது, குண்டு பல்பு கிடையாது, ஃபேன் மாட்டுகிற கொக்கிகூட கிடையாது. சுவரில் சுவிட்சு மட்டும் இருக்கும், போட்டால் எதுவும் எரியாது. ரெண்டு நாள் கழித்து யாராவது புண்ணியவான் வந்து சொல்வார், அது கீழே இருக்கிற பிளக் பாயிண்டுக்கான சுவிட்சு, விளக்கை நீதான் வாங்கிச் சொருகிக்கணும் என்று. எல்லா வீடும் இப்படி இல்லை. ஆனால் பழைய அப்பார்ட்மெண்ட்களில் ஹாலும் பெட்ரூமும் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

அதனால் இந்த ஊரில் தரையில் நிற்கிற விளக்குக்கு எப்போதும் கிராக்கி. அதில் ஒரு வகைக்கு டார்ஷியர் என்று பெயர். ஆள் உயரக் கம்பு, கீழே வட்டமாக ஒரு அடித்தட்டு, உச்சியில் வானத்தைப் பார்த்த மாதிரி ஒரு கிண்ணம். வெளிச்சம் மேலே போய் சீலிங்கில் பட்டு ரூம் முழுக்க இறங்கும். கண் கூசாது, நிழலும் அதிகம் விழாது. 1990களில் இதற்குள் ஹாலஜன் பல்பு போட்டு மலிவாக விற்றார்கள். காலேஜ் பசங்க, புதுசாக வேலைக்கு வந்தவர்கள், எச்1பி-யில் வந்து இறங்கிய நம்ம சீனியர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள்.

இந்தப் பதிவு அந்த விளக்கைப் பற்றித்தான். பழைய விளக்குக்கு இப்போ எதுக்குய்யா பதிவு என்று கேட்பீர்கள். போன மாசம் அதில் ஒன்று எங்க அக்கா வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு. காரணம் போதும்ல?

அதற்கு முன்னாடி கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, பரீட்சை வைக்க மாட்டேன் :-)

சாதா குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிரும். ஒளிர ஒளிர டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி கண்ணாடியில் கரியாகப் படியும், இழை மெலிந்து ஒரு நாள் அறுந்துபோகும். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் எல்மர் ஃப்ரிட்ரிச், எம்மெட் வைலி என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பல்புக்குள் கொஞ்சம் அயோடின் மாதிரி ஹாலஜன் வாயுவைச் சேர்த்தால், ஆவியான டங்ஸ்டனை அது சுவர் பக்கத்திலேயே பிடித்து, திரும்ப இழைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். கண்ணாடி கறுக்காது, இழையும் கூடுதல் நாள் தாங்கும்.

ஆனால் இந்தச் சுழற்சி நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பல்பின் சுவர் குறைந்தது 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதனால்தான் ஹாலஜன் பல்பைச் சின்னதாக, இழைக்கு ஒட்டினாற்போல, சாதா கண்ணாடிக்குப் பதில் குவார்ட்ஸில் செய்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் அந்தச் சூடு பக் இல்லை, ஃபீச்சர். சூடு குறைந்தால் அந்தச் சுழற்சியே நடக்காது.

இப்போது டார்ஷியரில் போடுகிற பல்பைப் பாருங்கள். 118 மில்லிமீட்டர் நீளம், பென்சில் தடிமன். அந்தச் சின்னக் குழலுக்குள் 300 வாட். அந்தக் காலத்தில் 500 வாட்டும் போட்டார்கள். 300 வாட் பல்பின் மேல்பரப்பு 500 டிகிரியைத் தாண்டும். 500 வாட் இன்னும் மேலே போகும். காகிதம் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 230 டிகிரி போதும், பருத்தித் துணிக்கு 400ஐ ஒட்டி. மீதியை நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

தீ பிடிக்கிற வழிகள் மூன்று. ஒன்று, விளக்கு சாய்ந்து மெத்தையிலோ சோஃபாவிலோ விழுவது. ரெண்டு, விளக்கு நின்ற இடத்திலேயே நிற்க, திரைச்சீலை காற்றில் பறந்து மேலே இருக்கிற கிண்ணத்துக்குள் விழுவது. காயப்போட இடமில்லாமல் துண்டைக் கம்பின் தலையில் போட்டவர்களும் உண்டு. மூன்று, பல்பே வெடித்துச் சூடான துண்டுகள் சிதறுவது. வெறும் விரலால் தொட்டு மாட்டினால், கையிலிருக்கும் உப்பும் எண்ணெயும் குவார்ட்ஸில் ஒட்டி, சூட்டில் அந்த இடம் பலவீனமாகும். ஹாலஜன் பல்பைத் துணியால் பிடித்து மாட்டச் சொல்வது இதனால்தான்.

இதில் நிறைய பேர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. மெயின் போர்டில் பிரேக்கர் இருக்கே, அது பார்த்துக்காதா? பார்த்துக்காது. 300 வாட் என்றால் இங்கே 120 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர். பிரேக்கர் 15 ஆம்பியருக்கு. விளக்கு நேராக நின்றாலும் இரண்டரைதான், மெத்தையில் கவிழ்ந்து கிடந்தாலும் அதே இரண்டரைதான். ஷார்ட் சர்க்யூட் இல்லை, ஓவர்லோடு இல்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை எல்லாம் சுகம். எர்ரர் லாக்கில் ஒரு வரிகூட வராமல் வீடு எரியும்.

1997 ஜனவரியில் நியூயார்க்கில் இப்படித்தான் நடந்தது. லயனல் ஹாம்ப்டன் என்று பெரிய ஜாஸ் கலைஞர், வைப்ரஃபோன் வாசிப்பவர், அப்போது வயது 88. அவருடைய மன்ஹாட்டன் வீட்டில் ஹாலஜன் விளக்கு ஒன்று சாய்ந்து கட்டிலில் விழுந்து தீப்பிடித்தது. அவரை வெளியே கொண்டுவந்து காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்தவை எரிந்துபோயின. அதே வாரம் வெள்ளை மாளிகையில் தேசியக் கலைப் பதக்கம் வாங்கினார் மனுஷர்.

பிரபலம் ஒருவர் வீட்டில் நடந்ததால் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. ஆனால் அதற்கு முன்பே சாதாரண ஜனங்கள் பலர் இந்த விளக்குத் தீயில் செத்திருந்தார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதை ஏற்கெனவே விசாரித்துக்கொண்டுதான் இருந்தது. 1997 ஆகஸ்டில் அவர்கள் ஒரு பெரிய அறிவிப்பு விட்டார்கள். விற்ற விளக்குகள் 4 கோடி. அத்தனைக்கும் கம்பிக்கூண்டு ஒன்று இலவசம். கடையில் போய் வாங்கி, வீட்டில் நீங்களே பல்புக்கு மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். பல கல்லூரிகள் ஹாஸ்டலில் இந்த விளக்கையே தடை செய்தன.

கூண்டு என்ன செய்யும்? கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு சாதாரணம். துணி பல்பைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தும். அவ்வளவுதான். ஆனால் சூடான ஒரு பொருளிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளினாலே கதை மாறும். நேராகத் தொட்டுப் பாய்கிற சூடு நின்றுவிடும், நடுவில் காற்று ஓடும்.

கம்பிவலை என்றதும் சிலருக்கு டேவி விளக்கு ஞாபகம் வரும். ஸ்கூல் பாடத்தில் படித்திருப்போம். 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் செய்தது. அதில் வலையின் வேலையே வேறு. சுடரின் சூட்டை நுண்ணிய உலோக வலை இழுத்துப் பரப்பிவிடுவதால், வெளியில் இருக்கும் வாயு பற்றுகிற அளவுக்குச் சூடு தாண்டிப் போகாது. டார்ஷியர் கூண்டில் அந்த மாயமெல்லாம் இல்லை, இது வெறும் வேலி. வேலி இருந்தால் மாடு மேயாது, ஆனால் வேலியோடு சேர்த்து எல்லாமே சாய்ந்தால்?

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம்.

எங்க ஊர்ப் பக்கத்து அங்கிள் ஒருத்தர், 1995இல் இங்கே வந்தவர், ரிட்டயர் ஆகி கோயம்புத்தூருக்கே திரும்பிப் போனார். போகும்போது வீட்டுச் சாமான்களைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தார். அக்காவுக்குக் கிடைத்தது ஒரு கிரைண்டர், நாலு எவர்சில்வர் தூக்கு, அப்புறம் இந்த விளக்கு. கூடவே உபரி பல்பு வைத்த ஒரு ஷூ டப்பா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். விளக்கு பால்கனிக் கதவு பக்கத்தில், திரைச்சீலைக்கு ஒன்றரை அடி தள்ளி ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அக்கா பொண்ணு பொம்மை வண்டியைத் தள்ளிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எட்டிப் பார்த்தேன், கூண்டு இல்லை.

"அத்தான், இந்த விளக்கு வேண்டாம்."

அத்தான் கணக்குப் புலி. எதையும் எண்ணிக்கையில்தான் பேசுவார். "முப்பது வருஷமா அவங்க வீட்டுல எரிஞ்சிருக்கு. ஒரு நாள் ஒண்ணும் ஆனதில்ல. உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்றார்.

இது பலமான வாதம் மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. முப்பது வருஷம் எரிந்தது வேறு ஹாலில். அங்கே தரையோடு வண்டி ஓட்டுகிற ரெண்டு வயசுக் குழந்தை இல்லை, திரைச்சீலை இந்த இடத்தில் இல்லை. விளக்கு நிரூபித்தது அந்த வீட்டில் அது விழவில்லை என்பதை மட்டும்தான். நாம எல்லாரும் பார்த்த கதைதானே இது. ஒரு புரோகிராம் மூணு வருஷமா தகராறு இல்லாமல் ஓடும், வேற மெஷினுக்கு மாத்தின அன்னிக்குப் படுத்துக்கும்.

வாயால் சொன்னால் கேட்க மாட்டார் என்று தெரியும். விளக்கை அணைத்து, ஆறவைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அக்காவின் டெய்லர் டேப்பையும் பெட்டி நிறுக்கிற தராசையும் எடுத்தேன். அடித்தட்டின் குறுக்களவு 24 சென்டிமீட்டர். உயரம் 180. எடை 5 கிலோ. கம்பைப் படுக்கவைத்து ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தால், எடையின் மையம் அடியிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தது.

இதை வைத்துக் கணக்குப் போடலாம். விளக்கு 13 டிகிரி சொச்சம் சாய்ந்தால் போதும், அப்புறம் அது தானாகவே விழும். ரெண்டு அடி உயரத்தில், அதாவது பாப்பா கை படுகிற உயரத்தில், அதைச் சாய்க்கத் தேவையான விசை ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தூக்குகிற அளவு. தள்ள வேண்டிய தூரம் அரை அடிக்கும் கம்மி. கார்ப்பெட்டில் அடித்தட்டு வழுக்காது, அதனால் நகர்வதற்குப் பதில் கவிழத்தான் செய்யும்.

பேப்பரை அத்தானிடம் நீட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். பாப்பா தினமும் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை இழுத்துக்கொண்டு கிச்சன் வரை வருவாள். அது அவருக்கும் தெரியும்.

"ஒரு கிலோவா?" என்றார். அதற்கப்புறம் முப்பது வருஷப் பேச்சு வரவில்லை.

அக்கா அந்த ஷூ டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினாள். உள்ளே உபரி பல்பு ரெண்டு. ஒன்றில் 300 வாட் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 500. விளக்கின் கிண்ணத்துக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அதிகபட்சம் 300 வாட் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் ரெண்டு பல்புக்கும் ஒரே நீளம், ஒரே முனை, அப்படியே உட்காரும். தப்பான பல்பு உள்ளேயே போகாது என்று இருந்தால் ஸ்டிக்கரே தேவைப்பட்டிருக்காது.

டப்பாவின் அடியில் தட்டையாக ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். பின் அடித்தது அடித்தபடி இருந்தது. உள்ளே வளைத்த கம்பி, நாலு கிளிப், மடித்த ஒரு காகிதம். 1997இல் கொடுத்த கூண்டு! அங்கிள் மெனக்கெட்டு கடைக்குப் போய் அதை வாங்கி வந்திருக்கிறார். மாட்டவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் உபரி பல்புக்கு அடியில் பத்திரமாகத் தூங்கியிருக்கிறது.

பேட்ச் டவுன்லோடு ஆகியிருக்கு, இன்ஸ்டால் ஆகவில்லை. அங்கிளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புது வேலை, சின்னக் குழந்தை, ஒரு கார், ஸ்டாம்பிங் டென்ஷன், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கம்பியை மாட்டுவது 'அப்புறம் பார்க்கலாம்' லிஸ்டில் போயிருக்கும். நாலு கோடி வீட்டிலும் ஒருத்தர் ஸ்டூல் போட்டு ஏறி நாலு கிளிப்பை மாட்டினால்தான் ஆபத்து குறையும் என்கிற ஏற்பாட்டில், எத்தனையோ வீட்டில் அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமல்தானே இருந்திருக்கும்?

இந்த இடத்தில் எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வந்தது. ஆச்சியின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கி இருக்கும். சின்ன வயசில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்குவேன். மருந்து பாட்டிலில் துளை போட்டுத் திரி விட்ட சிம்னி விளக்கு, ராத்திரி பூனை தாவி உருண்டு, சீமெண்ணெய் கையில் கொட்டிப் பற்றியது. அம்மாவுக்கு அப்போ நாலு வயசு. அதற்கப்புறம் ஆச்சி வீட்டில் விளக்கு மாடக்குழியை விட்டு இறங்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். மாடக்குழி தெரியும்ல? பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கவென்றே விட்ட பொந்து. மூணு பக்கமும் சுவர், மேலேயும் சுவர். பூனையும் உருட்டாது, காற்றும் அணைக்காது, சேலையும் படாது. கட்டின கொத்தனார் எந்த ஸ்டிக்கரும் ஒட்டவில்லை.

ஆபீஸில் கூட வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எங்கட வீட்டிலயும் குப்பி விளக்குத்தான். சண்டைக் காலத்தில கரண்ட் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு" என்றார். அவர் மூலமாகத்தான் டாக்டர் விஜய கொடகும்புர பற்றித் தேடிப் படித்தேன். இலங்கையில் அறுவை சிகிச்சை மருத்துவர். பாட்டில் விளக்கு கவிழ்ந்து வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, ராத்திரி அடுப்படியிலும் பாடப் புத்தகத்துக்கு முன்னாலும் உட்காருகிறவர்கள் அவர்கள்தானே.

அந்த மனிதர் "ஜாக்கிரதையா இருங்க" என்று நோட்டீஸ் அடித்ததோடு நிற்கவில்லை. 1992இல் ஒரு விளக்கையே வடிவமைத்தார். பெயர் சுதீப. மார்மைட் பாட்டிலைப் பார்த்து வந்த யோசனை. குள்ளமாக, கனமாக இருக்கும், சுலபத்தில் சாயாது. ரெண்டு பக்கம் தட்டை, அதனால் சாய்ந்தாலும் உருண்டு ஓடாது. திருகு மூடி, அதனால் கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. தடிமனான கண்ணாடி, கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. பழைய கண்ணாடியை உருக்கிச் செய்ததால் ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலை. 1998இல் ரோலக்ஸ் விருது கொடுத்தார்கள்.

இந்த டிசைனில் எனக்குப் பிடித்த விஷயம், அது யாரையும் நம்பி இல்லை என்பது. பூனை தாவும், குழந்தை தட்டிவிடும், அம்மா அசந்து தூங்குவாள், இதெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்று ஒத்துக்கொண்டு, நடந்த பிறகும் தீ பரவக்கூடாது என்று யோசித்த டிசைன்.

டார்ஷியரும் கடைசியில் அந்தப் பக்கம்தான் போனது, ஆனால் சுற்று வழியில். பிறகு வந்த விளக்குகளில் கூண்டைத் தயாரிப்பிலேயே மாட்டினார்கள். சிலவற்றில் சாய்ந்தால் அணைகிற சுவிட்சு வைத்தார்கள், ரூம் ஹீட்டரில் இருக்கிற மாதிரி. சூடு எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கிற சமாச்சாரமும் வந்தது. ரைஸ் குக்கருக்குள் இருக்கிற தெர்மல் ஃப்யூஸின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மைக்கேல் சிமினோவிச்சின் குழு, ஹாலஜனுக்குப் பதில் சிஎஃப்எல் வைத்து, நாலில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே அளவு வெளிச்சம் தருகிற டார்ஷியரைச் செய்து காட்டியது. பிறகு 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் வந்தது. 2006 ஜனவரி 1 முதல் தயாரிக்கிற டார்ஷியர் எதுவும் 190 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, அதற்கு மேற்பட்ட பல்பில் எரியவும் கூடாது. சட்டம் போட்டது கரண்டை மிச்சம் பிடிக்க. தீ ஆபத்து குறைந்தது போனஸ். சூடும் வீணாகிற கரண்டும் ஒன்றுதான் என்பதால் ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

இப்போது எல்இடி. இருபது முப்பது வாட்டில் ஹால் நிறைய வெளிச்சம். எல்இடியும் சூடாகும்தான், ஆனால் அதற்குச் சூடு எதிரி. சூடேறினால் ஆயுசு குறையும் என்பதால் தயாரிக்கிறவரே சூட்டை இறக்க வழி செய்தாக வேண்டும். ஹாலஜனில் நேர் எதிர்.

உங்க வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ பழைய ஹாலஜன் விளக்கு இருந்தால், நான் அக்காவுக்குச் சொன்ன வரிசை இது.

முதல் வழி, சூட்டையே எடுத்துவிடுவது. மொத்த விளக்கையும் மாற்றி எல்இடி விளக்கு வாங்கிவிடுங்கள். அதே 118 மில்லிமீட்டர் நீளத்தில் எல்இடி குழலும் கிடைக்கிறது. ஆனால் சிலது தடிமனாக இருப்பதால் கிண்ணத்துக்குள் உட்காராது, பழைய டிம்மரோடு ஒத்துப்போகாமல் மினுக்கும். வயரும் பிளக்கும் முப்பது வருஷப் பழசு என்பதையும் மறக்கக்கூடாது. என்னைக் கேட்டால் புது விளக்குதான்.

உடனே முடியாது என்றால், அதுவரை அதை எரிக்காமல் இருங்கள். அதுவும் முடியாது என்றால்தான் மிச்சமெல்லாம். கூண்டு கட்டாயம். 300 வாட்டுக்கு மேல் கூடவே கூடாது. திரைச்சீலை, கட்டில், அலமாரித் துணி எதுவும் பக்கத்தில் இல்லாத மூலை. குழந்தை இருக்கிற ரூமில் வேண்டாம், பூனை நாய் இருந்தால் வேண்டாம். ரூமை விட்டு வெளியே போனால் அணைத்துவிட்டுப் போவது. ஸ்மோக் அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

கவனித்தீர்களா, கீழே போகப்போக லிஸ்ட் நீளமாகிறது, ஒவ்வொன்றும் மனுஷ ஞாபகத்தை நம்பி நிற்கிறது. மேலே இருக்கிறது ஒரே வரி. அதை ஒரு தடவை செய்தால் போதும்.

அக்கா முதல் வரியோடு நிறுத்திக்கொண்டாள். பல்பைக் கழற்றி மூணையும் சேர்த்துக் கட்டித் தூரப்போட்டாச்சு. கம்பைத் தொப்பி மாட்டுற ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாமா என்று அத்தான் கேட்டதற்கு, அதுவும் பாப்பா தலையில்தான் விழும் என்று ஒரு முறை முறைத்தாள். வயரை வெட்டி அதையும் வெளியே வைத்தாயிற்று.

மறுநாள் கோயம்புத்தூருக்கு அங்கிளைக் கூப்பிட்டேன். கிடைத்த பொருளைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் அவர் வீட்டில் இதே மாதிரி இன்னொன்று இருந்ததாக அக்கா சொல்லியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பாக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ரெண்டாவது விளக்கு என் பொண்ணு ரூம்ல இருந்துச்சு தம்பி. காலேஜ் போற வரைக்கும் அதுலதான் படிச்சா" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நல்லபடியா போச்சுல்ல அங்கிள், விடுங்க" என்றேன்.

அடுத்த அஞ்சு நிமிஷத்தில் அந்த விளக்கை வாங்கிப்போன பையனின் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பினார். படிக்க வந்தவன், ஆறு மாசம்தான் ஆகிறது, மூணு பேர் சேர்ந்து ஒரு ரூமில் இருக்கிறார்கள். கூப்பிட்டுச் சொன்னேன். விளக்கு எங்கே இருக்கு என்று கேட்டால், தரையில் போட்ட மூணு மெத்தைக்கும் நடுவில்.

"அண்ணா, கழட்டிடறேன். ஆனா எங்க ரூமுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான். அசைன்மெண்ட் இருக்கு, என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. ஆபத்து என்று சொல்லி விளக்கைப் பிடுங்குவது சுலபம், அவனுக்கு வெளிச்சம் வேண்டும்ல. கொடகும்புர விளக்கை எரிக்காதே என்று சொல்லவில்லையே, வேற விளக்கைத்தானே கையில் கொடுத்தார். எங்க வீட்டில் இருந்த டேபிள் லேம்ப்பை அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். சனிக்கிழமை அத்தானும் நானும் எல்இடி விளக்கு வாங்கப் போகிறோம். அக்காவுக்கு ஒன்று, அந்தப் பசங்களுக்கு ஒன்று. ரெண்டுக்கும் காசு தருவதாக அத்தான் சொல்லியிருக்கிறார், அடித்தட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்துதான் வாங்கணும் என்ற கண்டிஷனோடு.